சாட்சியமும் கோரிக்கையும்: இடம்பெயர்ந்தோர் சார்பிற் பேசும் சிவில் சமூகம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒக்ரோபர் முப்பதாந் திகதி யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றில் இருமுறை இடம்பெறுகின்றது. 1990ஆம் ஆண்டு அத்தினத்திலே யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள், விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி, இரண்டு மணி நேர அவகாசத்துள் தமது வீடு வாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு அதே தினத்தன்று, அரச படைகள் நகரை நெருங்கி வந்த வேளையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சியை நோக்கி நடந்தனர். பின்னைய நிகழ்வுக்கு எமது பொதுப்பேச்சிலே பெயருண்டு. 'இடப்பெயர்வு' என்றால் அடைமொழி எதுவுமின்றியே அது எந்த இடப்பெயர்வு என்பதை யாழ்ப்பாணத்தார் விளங்கிக்கொள்வர். முன்னைய நிகழ்வுக்கோ நெடுங்காலமாகத் தமிழ்ப் பொதுவெளியிற் பெயரே இருக்கவில்லை. 'அவர்கள் போன பின்னர்', 'அந்த நேரம்' என்பன போன்ற சொற்களாலே அது கடந்து செல்லப்பட்டது. புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தோர் அதனை 'வெளியேற்றம்' என்றே அழைத்தனர், அழைத்தும் வருகின்றனர்.

ஒரே தினத்துக்குரிய இவ்விரு நினைவுகளும் பெரும்பாலும் வெவ்வேறு மண்டபங்களிலே, வெவ்வேறு மனிதர்கள் முன்னிலையிலே நினைவுகூரப்படுகின்றன என்பதை எண்ணிப்பார்த்த போதுதான் இக்கட்டுரைக்கான வினா எமக்குத் தோன்றியது. இடம்பெயர்ந்தோர் சார்பிற் பேசுவோர் யார்? அவர்கள் எதனைப் பேசுகின்றனர்? இடம்பெயர்ந்தவரே பேசுவதற்கு எவ்வளவு இடம் விடுகின்றனர்? அரசின் குறைகளை எடுத்துக்காட்டும் எழுத்துகள் ஏராளமாக உள்ளன, அவை தேவையானவையும்கூட. ஆயின் அரசுக்கும் மக்களுக்குமிடையே நின்று மக்களின் குரலாகத் தம்மைக் கருதிக்கொள்ளும் நிறுவனங்களும் குழுக்களும் அதே அளவு விமர்சனத்துக்கு உட்படுத்தப்படவில்லை. அக்குறையை ஓரளவேனும் நிவர்த்திக்க முயல்வதே எமது நோக்கம்.

முதலிற் சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. 'பிரதிநிதித்துவம்' என்னுஞ் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகின்றோம். ஒருவருக்குப் பதிலாக அவையில் நின்று அவருக்காகப் பேசுதல் ஒன்று. ஒருவரை எழுத்திலோ படத்திலோ சித்திரித்துக் காட்டுதல் மற்றொன்று. லூயி போனபார்ட்டின் ஆட்சிக்கவிழ்ப்புப் பற்றி 1852இல் எழுதிய நூலிலே கார்ல் மார்க்ஸ், பிரான்சின் சிறு விவசாயிகள் ஒரு வர்க்கமாக ஒன்றிணைய இயலாது சிதறிக்கிடந்தமையால் அவர்களின் பெயரால் வேறொருவர் ஆள முடிந்தது என விளக்குவார். சிதறிக்கிடத்தல் என்பது இடம்பெயர்ந்தோரின் இயல்பான நிலைமை. ஓர் ஊரார் ஐந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கடல் கடந்த நாடுகளிலும் பிரிந்து வாழும்போது அவர்களுக்காகப் பேசுவது பிறருக்கு எளிதாகிறது. சித்திரித்தலில் வல்லவராயிருப்பவர் சார்பிற் பேசும் உரிமையையும் தாமே எடுத்துக்கொள்வது இந்நிலையில் அரிதன்று.

'சிவில் சமூகம்' என்பதும் அவ்வாறே தெளிவுபடுத்த வேண்டிய சொல்லாகும். ஹெகல் தொட்டு கிராம்ஷி வரை அதற்குப் பல பொருள்கள் உண்டு. அவற்றை இங்கு விரித்தல் வேண்டியதில்லை. எமது நாட்டுப் பேச்சுவழக்கில் அச்சொல் பெரும்பாலும் அரச சார்பற்ற நிறுவனங்களையும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலுமுள்ள ஆய்வு நிலையங்களையும், மதகுருமாரையும், சட்டத்தரணிகளையும், எம்போன்ற பல்கலைக்கழகத்தாரையும் குறிக்கின்றது. தூதுவர் ஒருவர் வடக்கிற்கு வந்து 'சிவில் சமூகத்தினரை'ச் சந்தித்தார் என்று பத்திரிகையில் வாசிக்கும்போது எவர் சந்தித்திருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் வடக்குக் கிராமங்களில் இச்சொல் வருவதற்கு மிக முன்னரே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும், சனசமூக நிலையமும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும், கோவில் பரிபாலன சபையும், பள்ளிவாசல் நிருவாக சபையும் இருந்தன. இவற்றிற் பல குறைபாடுகள் உண்டு. சாதியும் பால்வேறுபாடும் அவற்றுள் ஊறியிருந்தன. எனினும், உறுப்பினர் பட்டியலும் தெரிவும் கணக்கறிக்கையும் அவற்றுக்கு இருந்தன. இடம்பெயர்ந்த ஊரொன்று முகாமுக்குட் புகுந்ததும் இவ்வமைப்புகள் பெரிதும் சிதைந்தன. அவ்விடத்தை நிரப்பியவை ஒருவராலும் தெரிவுசெய்யப்படாத நிறுவனங்களே. அவை இன்றியமையாப் பணிகளை ஆற்றின என்பதை மறுப்பார் இலர். எவருக்குப் பதிலளிக்க அவை கடமைப்பட்டிருந்தன என்பதே வினா.

இலக்கிய மாணவர்களாகிய நாம் ஒரு நூல்வகையை எவ்வாறு வாசிப்போமோ அவ்வாறே இந்நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கையையும் ஒரு நூல்வகையாக வாசித்துப் பார்க்கலாம். அதன் அமைப்பு ஏறக்குறைய மாறுவதேயில்லை. முகப்பில் ஒரு படம்: தகரக் கொட்டகை, அதன் வாசலில் ஒரு முதியவள் அல்லது ஒரு குழந்தை. முன்னுரையில் பின்னணி, தொடர்ந்து கண்டறிந்தவை, ஆங்காங்கே கட்டத்துள் இட்ட கூற்றுகள், இறுதியிற் பரிந்துரைகள். கட்டத்துள் இட்ட கூற்றுகளின் கீழே 'பெண், 47 வயது, முல்லைத்தீவு மாவட்டம்' என்பது போன்றதொரு குறிப்பு இருக்கும். பெயர் மறைக்கப்படுவதற்குத் தக்க காரணமுண்டு. புலனாய்வாளர் வீடு தேடி வரும் சூழலிற் பெயரை வெளியிடுதல் பொறுப்பற்ற செயலாகும். அதனை நாம் குறைகூறவில்லை.

எமது கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அக்கூற்றுகள் யாவும் அநேகமாக இழப்பைப் பற்றியனவாகவே இருக்கின்றன. மகனை இழந்தேன், காணியை இழந்தேன், மூன்று முறை கொட்டில் போட்டேன், கிணற்றுக்கு ஒரு கட்டை தூரம் நடக்கிறேன். இத்துடன் அப்பெண்ணின் பேச்சு நின்றுவிடும். காணிச் சட்டம் எவ்வாறு திருத்தப்பட வேண்டும், நட்டஈடு எவ்வாறு கணிக்கப்பட வேண்டும், எந்தப் பாதை முதலிலே திறக்கப்பட வேண்டும் என்பன பற்றியெல்லாம் பேசுவது நிறுவனம். அதாவது, சாட்சியம் மக்களுடையது, கோரிக்கை நிறுவனத்தினுடையது. மக்களிடம் கருத்தில்லை என்பதனால் இவ்வாறு நேர்வதன்று. ஒரு முகாமின் தேநீர்க் கடையில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தவர்கள் அங்கே கொள்கை பற்றிய விவாதத்துக்குக் குறைவில்லை என்பதை அறிவர். நேர்காணலின் வினாக்கள் இழப்பை நோக்கியே அமைந்தமையால் விடைகளும் இழப்பைப் பற்றியனவாயின. கேட்கப்படாத கருத்து பதிவாவதில்லை, பதிவாகாதது இல்லாததாகிவிடுகின்றது.

1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளின் 28ஆவது கோட்பாடு, தமது மீள்வருகையையும் மீள்குடியேற்றத்தையும் திட்டமிடுவதிலும் முகாமை செய்வதிலும் இடம்பெயர்ந்தோர் முழுமையாகப் பங்குபற்றுவதற்கு விசேட முயற்சி எடுக்கப்பட வேண்டுமென்கின்றது. அங்கு குறிக்கப்படுவது சாட்சியமளித்தலன்று, திட்டமிடுதல். 2016இல் எமது நாட்டிலே வகுக்கப்பட்ட, மோதலால் இடம்பெயர்ந்தோருக்கான நீடித்த தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கையும் இதனை ஒத்த கருத்தையே கொண்டது. ஏட்டிலிருப்பதற்கும் நடைமுறைக்குமுள்ள தூரம் எல்லோரும் அறிந்ததே.

போர் முடிவுற்ற 2009ஆம் ஆண்டின் நிலைமையை நோக்கினால், சிவில் சமூகம் தனது இயல்பைத் தானே தீர்மானிக்கவில்லை என்பதும் புலனாகும். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் உச்சக்கட்டத்தில் 225,000 பேர் வரை அடைபட்டிருந்தனர். அவ்வாண்டு மே மாதம் வடமாகாணத்துக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியின் அனுமதியின்றி எந்த நிறுவனமும் வடக்கிலே பணியாற்ற இயலாதிருந்தது. வீடு, மலசலகூடம், கிணறு, விதைநெல் ஆகியவற்றுக்கு அனுமதி கிடைத்தது. உளசமூகப் பணி, சட்ட உதவி, உரிமைக் கல்வி, மக்களை அமைப்பாக ஒழுங்குபடுத்தல் ஆகியவற்றுக்கு அனுமதி பெறுதல் மிகக் கடினமாயிற்று. சுருங்கக் கூறின், மக்களுக்குக் கல்லும் சீமெந்தும் கொடுக்கலாம், பேசக் கற்றுக்கொடுத்தலாகாது. பல நிறுவனங்கள் இந்நிபந்தனையை ஏற்றே உள்ளே சென்றன. செல்லாதிருந்தால் மக்கள் மழையில் நனைந்திருப்பர் என்ற அவர்களது வாதத்தை எளிதிற் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்நிபந்தனை நீங்கிய பின்னரும் அது ஊட்டிய பழக்கம் நீங்கவில்லை. 'பயனாளி' என்னுஞ் சொல் அக்காலத்திலேதான் வடக்கின் அன்றாடப் பேச்சில் ஆழ வேரூன்றியது. உரிமையுடையவர் என்ற நிலையிலிருந்து பயன்பெறுபவர் என்ற நிலைக்கு ஒரு மக்கட்டொகுதி இறங்கியதை அந்த ஒரு சொல்லே எமக்கு உணர்த்துகிறது.

பயனாளித் தெரிவு புள்ளிகளால் நடைபெற்றது. இந்திய அரசின் உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. பெறுமதியான உதவியே. ஆனால் இத்தகைய வீட்டுத் திட்டங்களிலே குடும்ப அங்கத்தவர் தொகைக்குப் புள்ளி வழங்கப்பட்டபோது, போரிலே கணவனையும் பிள்ளைகளையும் இழந்து தனித்து நின்றவள் குறைந்த புள்ளி பெற்றாள். அதிகம் இழந்தவரே குறைவாகக் கணிக்கப்பட்டார். அத்திவாரம் போட்டால்தான் அடுத்த கட்டப் பணம் என்ற விதியால் நகையை அடகு வைத்தோரும் நுண்கடன் பெற்றோரும் அநேகர். இம்முறையின் கோணல் கிராமத்திலே எல்லோருக்கும் உடனடியாகத் தெரிந்திருந்தது. அதனைத் திருத்துமாறு கோரும் இடம்தான் அவர்களுக்கு இருக்கவில்லை.

இனி, இடம்பெயர்ந்தோர் என்று ஒரே சொல்லாற் குறிக்கப்படும் மக்கள் ஒரே தன்மையினரா என்பதை நோக்குவோம். 2009இன் பின்னர் உதவி நிறுவனங்களின் பதிவேடுகளிலே 'பழைய', 'புதிய' என ஒரு பிரிவினை தோன்றியது. 2008 ஏப்பிரலுக்குப் பின்னர் இடம்பெயர்ந்தோர் புதியோர். அதற்கு முன்னர் இடம்பெயர்ந்தோர் பழையோர். புதியோருக்கான உதவி பழையோருக்குக் கிடைக்கவில்லை, அல்லது தாமதித்தே கிடைத்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்களும் அதே ஆண்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் 'பழையோர்' ஆயினர். துன்பத்துக்கும் காலாவதித் திகதி உண்டு என்பதைப் பதிவேடு கண்டுபிடித்தது!

வலிகாமம் வடக்கின் வரலாறு வேறொரு வகையிலும் அறிவுறுத்தல் நிறைந்தது. 2013இல் அங்கு 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட காணி உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். சட்டத்தரணிகளும் சிவில் அமைப்புகளும் அவர்களுக்குத் துணைநின்றமை பாராட்டுக்குரியது. பிற்காலத்திற் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டமைக்கு இத்தகைய இடையறா அழுத்தமும் காரணமாகும். இருப்பினும், மனுவில் ஒப்பமிடுவதற்கு உறுதி வேண்டும். கால் நூற்றாண்டு கழிந்தும் சுன்னாகம், மல்லாகம், கோணாப்புலம் முகாம்களில் எஞ்சியிருந்தோர் எவர்? வசதியுள்ளோர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் சென்றிருந்தனர். நடுத்தரத்தார் வாடகை வீடுகளில் அமர்ந்திருந்தனர். முகாமில் எஞ்சியோரிற் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட சாதியினரும் காணியற்றோருமே. இடம்பெயருமுன்னரே பிறர் காணியிற் குடியிருந்தவருக்கு விடுவிக்கப்பட வேண்டிய காணி என்று ஒன்றில்லை. முகாமுக்கு வெளியே காணி வாங்க முயன்றாலோ, குறித்த சாதியினருக்கு விற்க மறுக்கும் வழக்கம் குறுக்கே நின்றது. 2015 டிசம்பரில் அப்போதைய ஜனாதிபதி கோணாப்புலம் முகாமுக்கு வந்து ஆறு மாதத்துள் தீர்வு காண்பதாகக் கூறிச் சென்றார். அப்பிரச்சினை ஆறு மாதத்தில் தீராமைக்கு இராணுவம் மாத்திரம் காரணமன்று. யாழ்ப்பாணச் சமூகமும் ஒரு காரணமாகும். ஆனால், தமிழ்ச் சிவில் சமூகத்தின் பிரகடனங்களிலே இராணுவம் இடம்பெற்ற அளவுக்குச் சாதி இடம்பெறவில்லை. ஒற்றுமையைக் குலைக்கும் பேச்சு என்ற அச்சம் அங்கே தொழிற்பட்டிருத்தல் கூடும். எவருடைய நலனுக்கான ஒற்றுமை என்று கேட்பது எமது கடமையாகின்றது.

வன்னியிலே குடியேறிய மலையக மக்களின் கதையும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் தோட்டங்களை விட்டு வந்தோரை வவுனியா முதலிய மாவட்டங்களிலே குடியேற்றிய காந்தீயம், தமிழ்ப் பகுதிகளில் இடம்பெயர்ந்தோருக்காக எழுந்த தன்னார்வ அமைப்புகளுள் முதன்மையானது. அதனை நடத்திய கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் 1983 ஏப்பிரலிற் கைது செய்யப்பட்டார். வைத்தியர் இராசசுந்தரம் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். அவர்களது அர்ப்பணிப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் எல்லைப்புறங்களிலே குடியேற்றப்பட்ட அம்மக்கள், தமிழ்த் தேசத்தின் எல்லையைக் காக்கும் அரணாகவும் சிலராற் கணிக்கப்பட்டனர் என்பதை மறத்தல் தகாது. காலப்போக்கில் அவர்களே மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2009இன் பின்னர் திரும்பி வந்தபோது பலரிடம் காணிக்குரிய பத்திரமிருக்கவில்லை. நல்லெண்ணத்தோடு ஒருவர் சார்பிற் செயற்படுதல் வேறு. அவரது தீர்மானத்தை அவரிடமே விடுதல் வேறு.

இனி வட மாகாண முஸ்லிம்களின் பிரச்சினைக்கு வருவோம். இது எமக்குக் கூச்சத்தைத் தருவது; ஆகவே சற்று விரிவாகவே கூறவேண்டும். 1990 ஒக்ரோபரின் இறுதியில் ஏறத்தாழ இரு வாரங்களுள் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அக்காலச் சூழலில் துப்பாக்கிக்கு எதிரே எவரும் பேச முடியாதிருந்தது என்பது உண்மை. ஆனால் துப்பாக்கி இல்லாத இடங்களிலும் பேச்சு எழவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா, தாமும் அச்சமூகத்தவராய், புத்தளத்து முகாம்களிலே இழப்புகளைக் கணக்கிட்டு ஆவணப்படுத்தும் பணியைப் பல்லாண்டு மேற்கொண்டார். 2001இல் வெளிவந்த அவரது நூல் இம்மக்களை மறக்கப்பட்டோர் என்றே தலைப்பிற் குறித்தது. காணியின் பரப்பு, வீட்டின் பெறுமதி, ஆடு மாடு, தோணி வலை என இழந்தவற்றை மக்களைக் கொண்டே பட்டியலிட்டமை அவரது முயற்சியின் சிறப்பாகும். இழப்பு என்ற சொல் அங்கே கண்ணீராக இல்லாது கணக்காக, அதாவது கோரிக்கையாக மாறியது.

2009இல் சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளையின் முயற்சியால் வட மாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம் குறித்த பிரசைகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 2011இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. அரசு நியமிக்காத ஆணைக்குழுவைப் பிரசைகளே நியமித்துக்கொண்டனர் என்ற வகையில் எமது சிவில் சமூக வரலாற்றில் இது தனித்துக் குறிப்பிடத்தக்கது. வெளியேற்றத்தை மட்டுமன்றி, புத்தளத்திலே வந்தேறிகளாக நடத்தப்பட்டமை, அரச உதவியின் குறைபாடு, தமிழ்ச் சமூகத்தின் மௌனம் ஆகியவற்றையும் அது பதிவுசெய்தது. அவ்வறிக்கையை யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளிலே எத்தனை பேர் வாசித்திருப்பர் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

திரும்பி வந்தோருக்கும் வாசல் அகலத் திறந்திருக்கவில்லை. 1990இல் ஒரு குடும்பமாகச் சென்றோர் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகித் திரும்பினர். பதிவேடோ பழைய ஒற்றைக் குடும்பத்தையே தேடியது. வீடு பார்க்க வந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகப் புத்தளம் மீண்டவர்களை, 'இவர்கள் உண்மையில் வரவிரும்பவில்லை' என்று உத்தியோகத்தர்கள் கருதினர். கொட்டகையில் வாழ ஒப்பாதவர் ஊரை விரும்பாதவர் என்பது விசித்திரமான தருக்கம்.

முசலிப் பிரதேசத்தில் இதனினும் சிக்கலான நிலைமை தோன்றியது. மக்களில்லாத இருபது ஆண்டுகளில் அவர்களது குடிமனைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் காடு மூடியிருந்தது. 2012இலும் 2017இலும் வெளியான வர்த்தமானி அறிவித்தல்கள் அப்பகுதியிற் பெருநிலப்பரப்பை வனமாகப் பிரகடனஞ் செய்தன. மரிச்சுக்கட்டிப் பகுதியிலே மீள்குடியேறத் தொடங்கியோர், வில்பத்துக் காட்டை அழிப்போராகத் தென்னிலங்கை ஊடகங்களிலே சித்திரிக்கப்பட்டனர். இச்சித்திரிப்பின் முன்னணியில் நின்றவை சுற்றாடல் அமைப்புகள். அதாவது சிவில் சமூகத்தின் மற்றொரு பிரிவு. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அழிக்கப்பட்ட காட்டை மீள வளர்க்கும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. காட்டைக் காக்கும் அக்கறை பொய்யானதென நாம் கூறவில்லை. மீள்குடியேற்றத்தின் பெயரால் அரசியல்வாதிகள் பயனடைய முயன்றிருக்கவும் கூடும். ஆயினும் அவ்விவாதத்திலே காடு பேசியது, அமைச்சர் பேசினார், துறவிகள் பேசினர். 1990இல் அந்நிலத்தை விட்டுச் சென்ற குடியானவர் எத்தனை முறை பேசக் கேட்டோம்? தமிழ்ச் சிவில் அமைப்புகள் அவ்வேளை பெரும்பாலும் பார்வையாளராயிருந்தன. இராணுவத்தின் கையிலுள்ள காணிக்காகப் பேசியோர், வனத் திணைக்களத்தின் கையிலுள்ள காணிக்காகப் பேசாதிருந்ததேன் என்ற வினா இன்னும் எம்முன் நிற்கின்றது.

இவற்றுக்கு மாறான அனுபவங்களும் உள. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறியோருள் 110 குடும்பங்கள் சொந்த ஊரான கேப்பாப்புலவுக்குச் செல்ல முடியாது, சீனியாமோட்டையிலுள்ள அரச காணியில் இறக்கப்பட்டன. ஊர் படையினர் வசமிருந்தது. மனுக்களும் மகஜர்களும் ஆண்டுக்கணக்கிற் பயனளிக்கவில்லை. 2017 ஜனவரி 31இல் அயற்கிராமமான பிலக்குடியிருப்பின் மக்கள், பெண்கள் முன்னிற்க, விமானப்படை முகாமின் எதிரே வீதியோரத்தில் அமர்ந்தனர். அங்கேயே சமைத்தனர், பிள்ளைகளை அங்கிருந்தே பள்ளிக்கு அனுப்பினர். ஒரு மாத காலத்தில் அவர்களது காணிகள் திரும்பக் கிடைத்தன.

இரணைதீவு மக்களின் போராட்டமும் இத்தகையதே. 1992இல் தீவை விட்டு எழுந்து முழங்காவில் பகுதியில் வாழ்ந்த அவர்கள், 2017 மே முதலாந் திகதி கடற்கரையில் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். ஓராண்டு எந்த அலுவலகமும் முடிவு கூறவில்லை. 2018 ஏப்பிரல் 23இல் வெள்ளைக் கொடிகளைக் கட்டிய படகுகளிலே தீவுக்குச் சென்று இறங்கினர்; திரும்பவில்லை. அடுத்த மாதம் அரசு இணங்கியது. குருமாரும் ஊடகவியலாளரும் உரிமை ஆர்வலரும் அப்படகுகளிற் சென்றனர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அவர்களின் பங்கு சிறிதன்று. அவர்கள் உடனிருந்தமையாலேயே கடற்படை நிதானத்துடன் நடந்துகொண்டிருக்கலாம். சட்ட ஆலோசனையும் வெளியுலகுக்கான மொழிபெயர்ப்பும் அவர்களிடமிருந்தே கிடைத்தன. ஆனால் எந்நாளில் புறப்படுவது, எங்கே இறங்குவது, இறங்கியபின் திரும்புவதா இல்லையா என்பவற்றை ஊரவர் தீர்மானித்தனர். நாம் மேலே கூறிய அறிக்கையின் அமைப்பு இங்கே தலைகீழாயிற்று. கோரிக்கை மக்களுடையது, சாட்சியாக நின்றவர்கள் சிவில் சமூகத்தினர்.

இதனை அளவுக்கு மீறிப் புகழ்தலும் தவறாகும். பிலக்குடியிருப்பின் வெற்றியைத் தொடர்ந்து போராடிய கேப்பாப்புலவு மக்களுக்கு அத்தகைய விரைவான முடிவு கிட்டவில்லை. ஒரே ஊராராய்ச் சேர்ந்து வாழ்வோருக்குச் சாத்தியமானது, புத்தளத்திலும் வவுனியாவிலும் நீர்கொழும்பிலும் சிதறியோருக்குச் சாத்தியமாவதில்லை. போராட்டப் பந்தலில் முன்னே அமர்ந்த பெண்கள் அதே அளவிற் பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெற்றனரா என்பதையும் ஆய்வாளர் தேடிப்பார்த்தல் வேண்டும்.

2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களின் கருத்தறிவதற்காகச் சிவில் சமூகத்தைச் சேர்ந்த பதினொருவரைக் கொண்ட செயலணியொன்றை அரசு நியமித்தது. நாடெங்கும் 7,306 சமர்ப்பணங்கள் பெறப்பட்டன. இழப்போடு நில்லாது, எத்தகைய நீதிமன்றம், எத்தகைய நட்டஈடு வேண்டுமென்பதையும் மக்களிடம் கேட்டது அதன் தனிச்சிறப்பு. 2017 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டபோது அதனைப் பெற்றுக்கொள்ள ஜனாதிபதியோ பிரதமரோ வரவில்லை. முன்னாள் ஜனாதிபதி ஒருவரே பெற்றுக்கொண்டார். ஆணைக்குழுவின் பின் ஆணைக்குழுவாக அதே கதையைச் சொல்லிச் சலித்த மக்கள் அதன் பின்னர் வந்தவர்களிடம் 'முந்திச் சொன்னதுக்கு என்ன நடந்தது?' என்று கேட்டால், அக்கேள்வியையே ஒரு கருத்தாகப் பதிவுசெய்தல் முறையாகும்.

இவ்விடத்தே எம்மை விலக்கிவைத்துப் பேசுதல் நேர்மையாகாது. பல்கலைக்கழக ஆய்வேடுகளும் இதே நூல்வகையின் உறவினங்களே. வினாக்கொத்துடன் முகாமுக்குச் செல்கின்றோம்; இழப்பைக் கேட்கின்றோம்; 'பரிந்துரைகள்' என்னும் இறுதி அத்தியாயத்தை நூலகத்திலிருந்து எழுதுகின்றோம். ஆய்வேட்டின் பிரதி துறைக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, மேற்பார்வையாளருக்கு ஒன்று. விடையளித்த ஊருக்கு ஒன்றுமில்லை. அச்சிடுமுன்னர் வரைவை அவ்வூரின் சனசமூக நிலையத்திலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ தமிழில் வாசித்துக்காட்டி, பரிந்துரை அத்தியாயத்தை அவர்களைக் கொண்டே திருத்துவித்தல் பெருஞ் செலவுடைய காரியமன்று. காலந் தாழ்த்தும் என்பர் சிலர். 1990இலிருந்து காத்திருப்போரை நோக்க இரண்டு வாரத் தாமதம் பெரிதன்று.

சிறியதொரு தொடக்கத்தைக் குறிப்பிடலாம். எமது வினாக்கொத்துகளின் முதற் பக்கத்திலே 'நிரந்தர முகவரி', 'தற்காலிக முகவரி' என இரு கோடுகள் இருக்கின்றன. புத்தளத்துக் கொட்டகையிற் பிறந்து இன்று முப்பது வயதைக் கடந்துவிட்ட ஒருவர், தந்தையின் வீடிருந்த யாழ்ப்பாணத்துத் தெருவை எந்தக் கோட்டில் எழுதுவார், தாம் பிறந்த இடத்தை எந்தக் கோட்டில் எழுதுவார் என்பதை அவரிடமே கேட்டறிந்து அப்படிவத்தை மாற்றியமைக்கலாம்; அதற்குச் செயலணியின் அனுமதியும் வேண்டியதில்லை, வெளிநாட்டு நிதியும் வேண்டியதில்லை.